பவளம் வெளுத்தால் காற்றாடியா, சில்லரா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நாங்கள் குடியிருக்கும் தாமான் (வீடமைப்புப் பகுதி) ஒரு காலத்தில் பால்மரம் நின்ற நிலம். இப்போது சுற்றிலும் செம்பனைதான். பிற்பகல் வெயில் கூரையில் இறங்கிவிட்டால் இரவு ஒன்பது மணி வரை வீட்டை விட்டுப் போவதில்லை. இந்த வீட்டின் முன்னறையில் 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி வைத்துப் பவளம் வளர்க்கிறேன். நீரைக் குளிர்விக்க முதல் பதினான்கு மாதங்கள் காற்றாடியை, அதாவது நீர்ப்பரப்பின்மேல் வீசும் சிறு மின்விசிறியை, நம்பியிருந்தேன். பின்னர் நீரைக் குளிரூட்டும் இயந்திரமான சில்லருக்கு மாறினேன். இரண்டையும் ஒரே தொட்டியில் பயன்படுத்திப் பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். என் மனம் சில்லர் பக்கம்தான் சாய்கிறது என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

குளிர்விப்பதைப் பற்றிப் பேசுவதற்கு முன், பவளம் எந்த வகையில் நிறம் மாறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பச்சையோ ஊதாவோ மங்கிப் பழுப்பேறினால், பெரும்பாலும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் கூடி, பவளத்தின் திசுவுக்குள் வாழும் நுண்பாசி பெருகியிருக்கிறது என்று பொருள். விளக்கைப் பார்த்திருக்கும் மேற்பகுதி மட்டும் வெளிறி, நிழலில் உள்ள அடிப்பகுதி நிறத்தோடு இருந்தால் வெளிச்சம் மிகுதி. அடியிலிருந்து தோல் உரிவதுபோல் திசு கழன்று வெள்ளை எலும்பு தெரிந்தால் அது வெளுப்பே அன்று, திசு அழிவு; அதற்கு வைத்தியம் வேறு. தொட்டியில் உள்ள பல வகைப் பவளங்கள் ஒரே வாரத்தில், மேலும் கீழும் ஒன்றுபோல வெளுத்து, ஆனால் கண்ணாடிபோன்ற திசு இன்னும் எலும்பின்மேல் ஒட்டியிருந்தால், முதலில் வெப்பமானியைப் பாருங்கள். வெப்பம் தாங்காதபோது பவளத்துக்கும் நுண்பாசிக்கும் இடையிலான உறவு முறிந்து, பாசி வெளியேறிவிடுகிறது. பவளத்தின் உணவில் பெரும்பங்கை ஒளிச்சேர்க்கையால் கொடுப்பது அந்தப் பாசியே என்பதால், வெளுத்த பவளம் உயிரோடிருந்தும் பட்டினி கிடக்கிறது.

எனக்கு நேர்ந்தது இந்தக் கடைசி வகைதான். டார்ச், ஹேமர், மொண்டிபோரா ஆகிய மூன்று வகைப் பவளங்களும் பத்து நாளுக்குள் வெளுத்தன. முதலில் விளக்கைக் குறைத்தேன், பிறகு நீரை மாற்றினேன், பயன் இல்லை. கடைசியில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை நீரின் வெப்பத்தைக் குறித்து வந்தேன். விடியற்காலையில் 27 பாகை செல்சியஸ். பிற்பகல் நான்கு மணிக்கு 30.4. கடலிலேயே, வழக்கமான உச்ச வெப்பத்தைவிட ஒரு பாகை கூடிச் சில வாரங்கள் நீடித்தால் பவளங்கள் வெளுக்கத் தொடங்கிவிடும். 2010 ஆம் ஆண்டில் தியோமான், ரெடாங் தீவுகளில் அப்படி வெளுத்து, முக்குளிக்கும் இடங்கள் சில தற்காலிகமாக மூடப்பட்டதை நம்மில் பலர் அறிவோம்.

பனிக்கட்டிப் புட்டியை மிதக்க விடுவதால் வெப்பம் ஏறி இறங்கி ஊசலாடுகிறது. அறை முழுவதற்கும் ஏர்கான் போடுவது ஒரு தொட்டிக்காகச் செய்யக்கூடிய செலவன்று. எஞ்சுவது காற்றாடியும் சில்லரும்தான்.

காற்றாடி மலிவு, சத்தம் குறைவு, மின்சாரமும் குறைவு. என்னுடைய இரண்டு சிறு காற்றாடிகளும் நாள் முழுவதும் ஓடினாலும் மாதத்துக்கு 17 யூனிட்தான். சில்லரோ 180 வாட் இழுத்து நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒன்பது மணிநேரம் ஓடி, மாதம் 48 யூனிட்டைத் தொடுகிறது. வாங்கும் விலையிலும் இடைவெளி பெரிது. இதை மட்டும் பார்ப்பவர்கள் காற்றாடியைத்தான் எடுப்பார்கள்; நானும் அதைத்தான் எடுத்தேன்.

ஆனால் காற்றாடி எப்படிக் குளிர்விக்கிறது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. நீரை ஆவியாக்கியே அது வெப்பத்தை எடுக்கிறது. நம் ஊர்க் காற்றில் ஈரம் ஏற்கெனவே நிறைந்திருப்பதால், மழைக்கு முந்திய புழுக்கத்திலும் சன்னல் சாத்திய அறையிலும் ஆவியாதல் மந்தமாகி, குளிர்ச்சி மிகவும் தேவைப்படும் நேரத்தில் காற்றாடி வெறுமனே சுழல்கிறது. நன்றாக வேலை செய்யும் நாளிலோ நீர் குறைகிறது. வறண்ட நாட்களில் என் தொட்டியில் நாளுக்கு நான்கு லிட்டர் வரை போனது. போவது நன்னீர் மட்டுமே. உப்பு உள்ளேயே தங்கிவிடுகிறது. ஆகவே குறைந்ததை ஆர்ஓ நீரால் (சவ்வு வடிகட்டியில் உப்பு நீக்கிய நன்னீர்) ஒவ்வொரு நாளும் ஈடுசெய்தாக வேண்டும்.

இந்த ஈடுசெய்யும் வேலைதான் என் முடிவைத் தீர்மானித்தது. தைப்பூசத்துக்குக் குடும்பத்தோடு நான்கு நாள் வெளியூர் போயிருந்தோம். 16 லிட்டர் ஆவியாகியிருந்தது. ஆயிரத்தில் 35 பங்காக இருந்த உப்பு 38 ஆக ஏறியிருந்தது. தொட்டியின் கீழே பம்பு இருக்கும் துணைத்தொட்டியான சம்ப்பில் நீர்மட்டம் இறங்கி, பம்பு காற்றை உறிஞ்சிக் களகளவென்று சத்தமிட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பதறி, வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த என் தம்பி மகன், நாங்கள் வருவதற்குச் சற்று முன் இரண்டு வாளி ஆர்ஓ நீரை ஒரே மூச்சில் ஊற்றிவிட்டான். அளவும் முறையும் சொல்லிக்கொடுக்காமல் போனது என் பிழை. மெல்ல ஏறிய உப்பு சில நிமிடங்களில் இறங்கியதால், வெளுப்பிலிருந்து தேறத் தொடங்கியிருந்த ஹேமர் பவளம் கைகளை உள்ளிழுத்துக்கொண்டது. அந்த வாரம் முழுவதும் அது விரியவே இல்லை. நுனியில் திரும்பியிருந்த இளம்பச்சையும் மறைந்தது. வெப்பத்தால் பட்ட புண் ஆறுவதற்குள் உப்பால் இன்னொரு புண்.

தானாக நீர் நிரப்பும் மிதவைக் கருவி இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, உதவவும் செய்கிறது. ஆனால் மிதவையில் உப்புப் படிந்தாலோ நத்தை ஏறி உட்கார்ந்தாலோ அது சிக்கிக்கொள்ளும். எனவே வாரம் ஒருமுறை அதைக் கழுவ வேண்டும். நீர்த்தேக்க வாளியும் வற்றாமல் இருக்க வேண்டும். மின்கட்டணத்தில் மிச்சம் பிடித்ததை ஆர்ஓ வடிகட்டிக்கும் நம் கவனத்துக்கும் திருப்பிக் கொடுக்கிறோம்.

சில்லருக்கும் பராமரிப்பு உண்டு. என் வீட்டுக்கு முன் குலை ஏற்றிய லோரிகள் ஓடுவதால் செம்மண் தூசி ஓயாது. மாதம் ஒருமுறை தூசிவலையைக் கழற்றிக் கழுவாவிட்டால் இயந்திரம் சூடேறி, ஓடும் நேரம் கூடுகிறது. அலமாரிக்குள் அடைத்து வைத்தால் தான் கக்கும் வெப்பத்தையே மீண்டும் உறிஞ்சும். நான் சன்னல் ஓரமாக வைத்திருக்கிறேன். மற்றபடி 26 பாகையில் நிறுத்தினால், 26.5க்கு மேல் ஏறியதை இதுவரை பார்க்கவில்லை. ஆவியாதலும் நாளுக்கு ஒன்றரை லிட்டருக்குள் அடங்கிவிட்டது. வெப்பமும் உப்பும் ஒருசேர நிலைத்த பிறகு, விளக்கை மூன்றில் ஒரு பங்கு குறைத்து, வாரம் இருமுறை நுண்ணிய உணவு கொடுத்து வந்தேன். ஏழாம் வாரம் ஹேமரின் நுனியில் பச்சை அரும்பியது. முழு நிறம் திரும்ப மூன்று மாதம் ஆனது. மொண்டிபோராவில் பாதி மடிந்துவிட்டது, மீதி தேறியது.

அக்ரோபோரா போன்ற நுட்பமான வகைகளை நான் வளர்த்தது எட்டே மாதம். அவற்றைப் பற்றி உறுதியாகப் பேச அது போதாது. சில்லரும் எனக்கு இரண்டாண்டுப் பழக்கம்தான். கம்ப்ரஸர் பழுதாகும் நாளை நான் இன்னும் சந்திக்கவில்லை. காளான் பவளம், ஸோவாந்தஸ் போன்ற எளிதில் வாடாத வகைகளை மட்டும் வளர்ப்பவர், நாள்தோறும் வீட்டில் இருப்பவர் என்றால், மிதவைக் கருவியோடு காற்றாடியே போதும் என்பேன். அவை 28 பாகையிலும் என் தொட்டியில் நிறம் குன்றவில்லை. டார்ச், ஹேமர் வாங்க நினைப்பவர் பவளத்துக்கு முன் சில்லரை வாங்கட்டும்.

பழைய காற்றாடிகள் இரண்டையும் நான் எறியவில்லை. நீர் 28 பாகையைத் தொட்டால் தாமே ஓடும்படி ஒரு கட்டுப்பாட்டுக் கருவியில் இணைத்திருக்கிறேன். சில்லர் நின்றாலும் பழுது பார்ப்பவர் ஈப்போவிலிருந்து வந்து சேரும் வரை அவை தாக்குப்பிடிக்கும்.