பழைய வீட்டை விற்க: அப்படியே விடுவதா, பூசி விற்பதா, பில்டரிடம் கொடுப்பதா?

நங்கநல்லூரில் அப்பா கட்டிய வீடு. 1 கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையில் தரைத்தளம் மட்டும். வயது 40ஐத் தாண்டிவிட்டது, குளியலறைச் சுவரில் ஓதம், சமையலறைக் கூரையில் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி வெளியே தெரிந்தது. விற்பது என்று முடிவானதும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்.

முழுக்கப் புதுப்பித்து விற்கலாம் என்றார் அண்ணன். தனி வீட்டுக்கு இது வேண்டவே வேண்டாம். சென்னையில் இப்படிப்பட்ட வீட்டை வாங்க வருகிறவர் பெரும்பாலும் மனைக்குத்தான் விலை பேசுகிறார், வாங்கிய கையோடு இடித்துவிடுவார், நீங்கள் ஆசையாகப் போட்ட டைல்ஸுக்கு ஒரு ரூபாய்கூடச் சேர்த்துத் தரமாட்டார். அடுக்குமாடி ஃப்ளாட் என்றால் கதை வேறு. வாங்குகிறவர் அதே சுவருக்குள்தான் குடியிருக்கப் போகிறார், அதனால் குளியலறை, சமையலறை, வயரிங் இந்த மூன்றுக்கும் செய்கிற செலவு ஓரளவு திரும்பி வரும். பில்களைப் பத்திரமாக வையுங்கள். பெரிய கட்டுமான வேலைச் செலவை, விற்ற லாபத்துக்குக் கட்டுகிற மூலதன ஆதாய வரிக் கணக்கில் கழிக்கலாம், பெயிண்ட் செலவை முடியாது.

தரகர் சொன்னது பெயிண்ட் மட்டும். மலிவான வழிதான், ஆனால் எனக்குப் பிடிக்கவே இல்லை. உறவினர் ஒருவர் ஓதம் இருந்த சுவரில் புட்டி வைத்து வெள்ளையடித்து வைத்திருந்தார். பார்க்க வந்த பெரியவர் உள்ளங்கையைச் சுவரில் வைத்தார், அப்புறம் கட்டைவிரல் நகத்தால் லேசாகச் சுரண்டினார், உள்ளே உப்பு பூத்திருந்தது. அதற்குப் பிறகு அவர் தண்ணீரை நம்பவில்லை, செப்டிக் டேங்க்கை நம்பவில்லை, கடைசியில் பத்திரத்தையே சந்தேகப்பட்டார். மறைத்த ஒரு குறைக்காக மொத்த வீட்டின் மீதும் சந்தேகம் வந்துவிடுகிறது.

பில்டருடன் ஜாயிண்ட் வென்ச்சர் போட்டால், அதாவது நம் மனையில் அவர் ஃப்ளாட் கட்டி நமக்கும் பங்கு தருவதாக ஒப்பந்தம் போட்டால், கணக்குப்படி அதிகம் கிடைக்கலாம். ஆனால் கட்டி முடிக்க ஆண்டுக்கணக்கில் ஆகும், அதுவரை வாடகை வீடு, பவர் பத்திரம், பங்கு விகிதத்தில் இழுபறி. அவசரப் பணத் தேவை இல்லாத, கூடப்பிறந்தவர்கள் எல்லோரும் ஒரே பேச்சில் நிற்கிற குடும்பத்துக்குத்தான் இது சரிவரும். எங்களுக்கு அந்த இரண்டுமே பொருந்தவில்லை.

உள்ளபடியே விற்பது என்று முடிவெடுத்தோம். அதற்காகச் சும்மா விட்டுவிடவில்லை. குழாய் இணைப்பில் இருந்த கசிவை மட்டும் சரிசெய்தோம், பரணில் கிடந்ததையெல்லாம் ஒழித்தோம், கம்பி தெரிந்த இடத்தை மூடாமல் விட்டு, அதைச் சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று மேஸ்திரியிடம் எழுதி வாங்கினோம். அந்த ஒரு தாள்தான் பேரத்தில் எங்களைக் காப்பாற்றியது. அது கையில் இல்லையென்றால் 2 லட்ச ரூபாய் வேலையைக் காட்டி 10 லட்சம் குறைக்கச் சொல்வார்கள், நமக்கும் பதில் சொல்லத் தெரியாது. விளம்பரத்திலும் 'பழைய வீட்டுடன் கூடிய மனை' என்றே போட்டோம். மனையின் அகலம், தெருவின் அகலம், எந்தத் திசை பார்த்தது, பட்டா யார் பெயரில் என்பதெல்லாம் முதல் இரண்டு வரியிலேயே வந்துவிட்டது.

எந்த வழியில் போனாலும் முதல் செலவு காகிதத்துக்கு. தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று, பெயர் மாற்றிய பட்டா. வாங்குகிறவர் முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று 9 சதவீதம் தனியாகக் கட்ட வேண்டும், பெரும்பாலும் வங்கிக் கடனில்தான் வருவார். வங்கி வக்கீல் ஒரு காகிதம் குறைகிறது என்றால் அவர் அடுத்த வீட்டைப் பார்க்கப் போய்விடுவார். எங்கள் பட்டா தாத்தா பெயரிலேயே கிடந்தது, அதை மாற்றும் வரை யாரையும் வீடு பார்க்கக் கூப்பிடவில்லை.

இன்னொன்று, பழைய வீட்டின் தேக்கு நிலைக்கும் கதவுக்கும் தனி விலை உண்டு, வீடு இடிக்கிறவர்களே காசு கொடுத்து எடுத்துப்போவார்கள். எது உங்களுக்கு, எது வாங்குகிறவருக்கு என்று அக்ரிமெண்டிலேயே எழுதிவிடுங்கள். பூஜை அறைக் கதவு வேண்டும் என்று அம்மா கேட்டார். அதை ஒரு வரியாகச் சேர்த்த பிறகுதான் அட்வான்ஸ் வாங்கினோம்.