ஆண்டிஸைக் கடக்க பஸ்ஸா, வாடகைக் காரா?

சிலியின் சான்டியாகோவிலிருந்து அர்ஜென்டினாவின் மென்டோசாவுக்குச் சாலைவழி ஏறத்தாழ 360 கிலோமீட்டர். நடுவே ஆண்டிஸ் மலை. நான் பஸ்ஸில் போனேன். மறுபடி போனாலும் பஸ்தான்.

காரில் போனால் நினைத்த இடத்தில் நிறுத்தலாம், அதை விளக்க வேண்டியதில்லை. 1904இல் எல்லை உச்சியில் நிறுவிய கிறிஸ்து சிலையைப் பார்க்க ஆசையிருந்தால் காரே வசதி. 3,800 மீட்டருக்கு மேலே, பழைய மண்சாலையில், கோடையில் மட்டும் போகலாம். பஸ் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காது. 1980இல் திறந்த மூன்று கிலோமீட்டர் சுரங்கப்பாதைக்குள் நுழைந்து அடுத்த நாட்டில் வெளியே வந்துவிடும்.

வாடகைக் காரில் என்னைத் தடுத்தது காகிதம். வண்டி நம்முடையதல்ல என்பதால், அதை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக வாடகை நிறுவனத்தின் அனுமதிப் பத்திரம் வேண்டும். அதைச் சில நாள் முன்பே கேட்டுவைக்க வேண்டும். அர்ஜென்டினாவில் செல்லுபடியாகும் காப்பீடும் தேவை. இரண்டுக்கும் தனிக் கட்டணம். இவ்வளவும் கொடுத்த பிறகும் வண்டியை மென்டோசாவில் விட்டுவிட்டுப் புவெனஸ் ஐரிஸுக்குப் போய்விட முடியாது. தற்காலிக அனுமதியில் எல்லை தாண்டிய வண்டி அது, சிலிக்குத் திரும்பியே ஆக வேண்டும். குளிர்காலத்தில் பனி கொட்டினால் கணவாயை நாள்கணக்கில் மூடிவிடுவார்கள். பஸ் பயணி விமானம் ஏறித் தப்பலாம். கார்க்காரர் வாடகையும் கட்டிக்கொண்டு காருக்குக் காவலும் இருக்க வேண்டியதுதான். நான் கடந்தது கோடையில். பனிக்கால மூடலை நேரில் பார்த்ததில்லை, ஆனால் கணக்குப் போட அது தேவையுமில்லை.

பஸ்ஸின் குறை காத்திருப்பு. எல்லைச் சோதனையில் ஒருவர் பாக்கியிருந்தாலும் வண்டி நகராது. சிலிக்குள் நுழையும்போது பழம், இறைச்சி, தேன் எல்லாவற்றையும் படிவத்தில் எழுதித் தர வேண்டும். திரும்பி வரும்போது எங்கள் பஸ்ஸில் ஒருவர் கைப்பையின் அடியில் ஒரே ஒரு ஆப்பிள் கிடந்தது. மோப்ப நாய் அதன் அருகே உட்கார்ந்துவிட்டது. அவர் விளக்கம் சொல்லி முடிக்கும்வரை அத்தனை பேரும் குளிரில் நின்றோம்.

இரவு பஸ் வேண்டாம். நள்ளிரவில் எழுப்பி வரிசையில் நிறுத்துவார்கள், சிலிப் பக்கத்துக் கொண்டையூசி வளைவுகளும் இருட்டில் தெரியாது. பகல் பஸ்ஸில் மேல்தளத்து முன் இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். நாலு பேராகச் சேர்ந்து, கோடையில், சான்டியாகோவுக்கே திரும்புவதாக இருந்தால் மட்டும் காரை யோசிக்கலாம்.