பஞ்சில் ஒட்டிய கருப்பு

இந்தத் தடவை ஊரில் இருந்த மூன்று வாரத்தில் பேங்க், ஆதார், தாலுகா ஆபீஸ் எல்லாம் எப்படியோ முடிந்தது, அதில் சொல்ல ஒன்றுமில்லை. அம்மாவின் அடுப்படி மேடைக்குக் கிரானைட் எடுத்த கதைதான் மெல்போர்ன் திரும்பிய பிறகும் மனசைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது.

கல்லிடைக்குறிச்சியில் எங்களுடையது பழைய வீடு. பட்டாசலில் சிவப்பு ஆக்சைடு தரை, அடுப்படிக்கு ஒரே ஒரு ஜன்னல், மேடையில் அப்பா போட்ட கடப்பாக் கல், ஓரமெல்லாம் பொரிந்து கிடந்தது. நான் வெள்ளை போடலாம் என்றேன், மெல்போர்னில் பார்த்துப் பழகிய கண். கடையில் காஷ்மீர் ஒயிட் காட்டினார்கள். பெயர்தான் காஷ்மீர், கல் நம்ம மதுரைப் பக்கத்தது, கொஞ்சம் உறிஞ்சுகிற ரகம். "புளிக்குழம்பு கொட்டினா நீ பிளேன் ஏறி வந்து தேய்ப்பியா?" என்றாள் அம்மா. சரி, பழையபடி கருப்பே இருக்கட்டும் என்று முடிவானது.

பாளையங்கோட்டையில் ஒரு பெரிய கடை. பையன் ஒரு மக் தண்ணீரைக் கல்மேல் ஊற்றித் துணியால் இழுத்தான், பாருங்கள், அப்படி ஒரு கருப்பு! கடைக்கார அண்ணாச்சி ஒரு புள்ளிகூட இல்லை என்று கையை வைத்துக் காட்டினார். பக்கத்தில் அதே பெயரில் இன்னொரு கல் நின்றது, விலை கூட. ஏன் என்று கேட்டால் நேரான பதில் இல்லை. என் மனைவி ஹேண்ட்பேகிலிருந்து நெயில் பாலிஷ் ரிமூவரை எடுத்துப் பஞ்சில் நனைத்து, விலை குறைந்த கல்லின் மூலையில் நாலு தேய் தேய்த்தாள். பஞ்சு கண் மை துடைத்தது மாதிரி ஆகிவிட்டது. தேய்த்த இடம் சாம்பல். விலை கூடின கல்லில் தேய்த்தால் பஞ்சு வெள்ளையாகவே வந்தது.

சாம்பல் கல்லுக்குச் சாயமோ எண்ணெயோ ஏற்றிக் கருப்பாக விற்கிற வேலை உண்டென்று எங்கேயோ படித்திருந்தேன், கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். ரிமூவரில் இருக்கிற அசிட்டோன் பட்டால் அந்தச் சாயம் ஒட்டிக்கொண்டு வரும், நிஜக் கருப்பு அசையாது. வாங்கியிருந்தால் சோப்புப் போட்டுத் துடைக்கத் துடைக்க அடுப்பைச் சுற்றித் திட்டுத் திட்டாக வெளுத்திருக்கும். அண்ணாச்சி கொஞ்சமும் அசரவில்லை. "அந்த மருந்தப் போட்டா எதுலதான் சாயம் போகாது தம்பி, அடுப்படியில அதையா ஊத்தப் போறீய?" என்று சொல்லிவிட்டு எங்களுக்குக் காபி வரவழைத்தார். மெல்போர்னில் இப்படி நடந்தால் மன்னிப்புக் கேட்டு மெயில் வரும், அதில் யார் முகமும் இருக்காது. அண்ணாச்சி கடையில் மன்னிப்பு வரவில்லை, காபி வந்தது. குடித்தோம், நல்ல காபி, அதுதான் இன்னும் எரிச்சல்.

அப்புறம் வேறொரு கடையில் டேன் பிரௌன் பார்த்தோம். கரீம்நகர்க் கல், கருப்பில் செம்பழுப்புத் திட்டுகள், சிவப்புத் தரைக்குப் பொருந்தும் என்று பட்டது. வீட்டில் வைத்துப் பார்க்க ஒரு துண்டு கேட்டதற்கு என்னை விசித்திரமாகப் பார்த்தார்கள். மெல்போர்னில் தபாலில் சாம்பிள் அனுப்புவான் ஐயா! கடைசியில் குப்பைமேட்டில் கிடந்த உடைசலைப் பொறுக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். கடை டியூப்லைட்டில் சாக்லேட் மாதிரி இருந்தது, எங்கள் அடுப்படி ஜன்னல் வெளிச்சத்தில் ஏறக்குறையக் கருப்பு. அம்மா அதன்மேல் கடுகைக் கொட்டிப் பார்த்து, "கடுகு ஒண்ணுகூடக் கண்ணுல படல, ஆனா தரையோட சேருது" என்றாள். அதையே எடுத்தோம்.

பதிக்க வந்த தம்பி முற்றத்தில் காய்ந்த கல்லை அப்படியே அறுத்தான், முகத்தில் துண்டு மட்டும். ஆஸ்திரேலியாவில் இந்த மாதிரித் தூசியால் நுரையீரல் போகிறதென்று 2024 ஜூலையிலிருந்து செயற்கைக் குவார்ட்ஸ் பலகைகளையே தடை செய்துவிட்டார்கள். கிரானைட்டுக்குத் தடையில்லை, ஆனால் தண்ணீர் விட்டோ தூசியை உறிஞ்சியோதான் அறுக்க வேண்டும். ஹோஸை நீட்டினேன். "மெஷின் ஷாக் அடிக்கும் சார்" என்றான். ஒரு மாஸ்க் வாங்கிக் கொடுத்தேன், கழுத்தில் மாட்டிக்கொண்டான்.

சிங்க்குக்கு வெட்டிய துண்டையும் விடவில்லை, அதற்கும் சதுர அடிக் கணக்கில் காசு கொடுத்தாயிற்றே. அம்மா அதைத் துளசி மாடத்துக்கு முன்னால் போட்டுவிட்டாள். அங்கே வெயிலில் அந்தச் செம்பழுப்பு அப்படிப் பளபளக்கிறது, கடையில் நான் பார்த்த நிறம் வீட்டிலேயே அந்தத் துண்டில் மட்டும்தான் தெரிகிறது.