திடீரென்று அடைப்பதா, சொல்லிவிட்டு அடைப்பதா?

காசிமேட்டுப் பையன்களுக்கு ஸ்கூபா, அதாவது சிலிண்டர் காற்றோடு முங்குவதைக் கற்றுத்தரும்போது எனக்கு வந்த கேள்வி: காற்று நின்றுபோகும் பயிற்சியைச் சொல்லாமல் வைப்பதா, சொல்லி வைப்பதா?

சொல்லாமல் சிலிண்டர் வால்வை மூடினால் நிஜம் போலவே இருக்கும் என்பார்கள். நானும் நம்பினேன். குளத்தில் ஒருவனுக்கு அப்படி மூடினேன். மவுத்பீஸைத் துப்பிவிட்டு, தம் கட்டிக்கொண்டு மேலே பாய்ந்தான். சின்ன வயதிலிருந்து கடலில் முங்கி எழுந்தவனுக்கு அதுதான் பழக்கம். ஸ்கூபாவில் அதுவே ஆபத்து. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அங்கே நெஞ்சு நிறைய இழுத்த காற்று மேலே வர வர இரட்டிப்பாக விரியும். அடக்கி வைத்தால் நுரையீரல் கிழியும். "தம் கட்டாதடா, ஊதிக்கிட்டே வா" என்று அன்றைக்கு எத்தனை தடவை சொன்னேனோ.

சொல்லிச் செய்வது மெதுவான வழி. முதலில் கரையில் உட்கார்ந்து, 'காற்று இல்லை' என்று காட்டும் சைகை. பிறகு இடுப்பளவு தண்ணீரில் கூட்டாளியின் ஆக்டோபஸை (அவன் சிலிண்டரிலிருந்தே வரும் உபரி மவுத்பீஸை) வாங்கி, வாயில் வைத்து, ஊதித் தண்ணீரைத் தள்ளி, ஒரு மூச்சு. அதற்கப்புறம்தான் வால்வு. மீட்டர் முள் இறங்குவதை அவனே பார்க்கிறான். இழுக்க இழுக்கக் காற்று இறுகுவதை உணர்கிறான். ஐந்தாறு முறையில் கண்ணில் மிரட்சி போய்விடுகிறது.

திடீர்ச் சோதனையைக் கடைசி நாளுக்கு வைத்திருக்கிறேன். வால்வைத் தொடமாட்டேன், சைகை மட்டும். எண்ணூர்ப் பக்கம் தண்ணீர் கலங்கிய நாளில் கூட்டாளி கையெட்டும் தூரத்தில்தான் தெரிவான். அவன் ஆக்டோபஸுக்குக் கை தானாகப் போகவேண்டும்.