யுபிஐயில் ரூபே கிரெடிட் கார்டு: மதுரைக் கடைவீதிக்கு ஒத்துவருமா?

பில் வந்ததும் முழுத் தொகையையும் கட்டிவிடக் கூடியவருக்கு, யுபிஐயில் இணைத்த ரூபே (விசா, மாஸ்டர்கார்டு போல இந்தியாவின் சொந்தக் கார்டு அமைப்பு) கிரெடிட் கார்டு மிகவும் பயனுள்ள பொருள். பாதி கட்டி மீதியைத் தள்ளிவிடும் பழக்கம் உள்ளவருக்கு இதைவிட ஆபத்தான கார்டு கிடையாது. மற்ற கார்டுகள் பெரிய கடை வாசலோடு நின்றுவிடும், இது பெட்டிக்கடை வரைக்கும் கூடவே வரும்.

யுபிஐயில் ரூபே கிரெடிட் கார்டை இணைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி அறிவித்தது 2022 ஜூனில். செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. விசா, மாஸ்டர்கார்டு கார்டுகளை இப்படிக் கடை க்யூஆரில் ஸ்கேன் செய்து பயன்படுத்த முடியாது. இணைப்பது ஐந்து நிமிட வேலை. போன்பே, கூகுள் பே, பீம் போன்ற செயலியில் ரூபே கிரெடிட் கார்டு சேர்க்கும் பகுதிக்குப் போய் வங்கியைத் தேர்ந்தெடுத்தால், அந்த மொபைல் எண்ணில் உள்ள கார்டு தானே தெரியும். கார்டின் கடைசி ஆறு எண்கள், காலாவதி மாதம், ஓடிபி கொடுத்து யுபிஐ பின் அமைக்க வேண்டும். கார்டு தெரியவே இல்லை என்றால் பெரும்பாலும் வங்கியில் பதிந்த எண் வேறாக இருக்கும், அல்லது அந்த எண்ணின் சிம் போனில் இருக்காது. சேமிப்புக் கணக்குக்கு வைத்த பின்னையே இதற்கும் வைக்காதீர்கள். பின் வேறாக இருந்தால், எதிலிருந்து பணம் போகிறது என்பது கைக்கே தெரியும்.

மதுரையில் எங்கே செல்லும்? டவுன்ஹால் ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகள், விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடைகள், மருந்துக்கடைகள், பெட்ரோல் பங்க் போன்ற வணிகக் கணக்கு வைத்திருக்கும் இடங்களில் சிக்கல் இல்லை. மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் கதை வேறு. அங்கே ஒட்டியிருக்கும் க்யூஆர் பல நேரம் வியாபாரியின் சொந்த சேமிப்புக் கணக்கு. தனிநபர் கணக்குக்கு கிரெடிட் கார்டிலிருந்து பணம் அனுப்ப விதியே இடம் தரவில்லை. ஸ்கேன் செய்தால் கார்டைத் தேர்ந்தெடுக்கவே முடியாது. "கார்டுல ஏறாதுண்ணே, அக்கவுண்ட்லருந்து போட்டு விடுங்க" என்று வியாபாரி சொல்வது உண்மைதான். ஸ்பீக்கர் பெட்டி வைத்த கடைகளிலும் சில ஏற்காது. 2,000 ரூபாய் வரையிலான விற்பனைக்குச் சிறு வணிகர் கமிஷன் கட்ட வேண்டியதில்லை, அதற்கு மேல் போனால் கட்ட வேண்டும். அந்தப் பயத்தில் கிரெடிட் வசதியை மொத்தமாக நிறுத்தி வைப்பவர்கள் இருக்கிறார்கள். "கார்டுன்னா ரெண்டு பர்சென்ட் கூட" என்று கேட்கும் கடையில் கணக்கிலிருந்தே கொடுத்துவிடுவது மேல். கார்டு தரும் புள்ளிகள் பெரும்பாலும் அந்த இரண்டு சதவீதத்தை ஈடுகட்டாது.

இப்போது வட்டிக்கு வருவோம், கவனமாகப் படிக்க வேண்டிய இடம் இதுதான். பில் தேதி 15, கட்ட 20 நாள் அவகாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் 14 அன்று வாங்கியதற்கு அக்டோபர் 5 கடைசி நாள், கிடைப்பது 21 நாள். அதே பொருளை செப்டம்பர் 16 அன்று வாங்கினால் அக்டோபர் 15 பில்லில் ஏறி, நவம்பர் 4 வரை 49 நாள் கிடைக்கும். பெரிய செலவை இரண்டு நாள் தள்ளினாலே ஒரு மாத வட்டியில்லாக் கடன். தீபாவளி ஜவுளிக்கும் டிவிக்கும் இந்தக் கணக்கைப் பார்த்துக் கடைக்குப் போவது நல்லது.

அதே 16ஆம் தேதி 40,000 ரூபாய்க்கு டிவி. பில்லில் இரண்டு தொகை இருக்கும்: மொத்தத் தொகை 40,000, மினிமம் ட்யூ, அதாவது குறைந்தபட்சம் கட்ட வேண்டியது, 5 சதவீதம் என்றால் 2,000. நவம்பர் 4 அன்று 2,000 மட்டும் கட்டினால், வட்டியில்லாத சலுகை நாட்கள் முழுக்க ரத்தாகி, வட்டி வாங்கிய தேதியிலிருந்தே ஓடும். மாதம் 3.5 சதவீதத்தில் 40,000 ரூபாய்க்கு 49 நாள் வட்டி 2,255. பிறகு 38,000 ரூபாய்க்கு நவம்பர் 15 வரை 11 நாள் வட்டி 481. மேலே 18 சதவீத ஜிஎஸ்டி 492. ஆக அடுத்த பில்லில் நிலுவை சுமார் 41,230. 2,000 ரூபாய் கட்டிய பிறகு கடன் குறையவில்லை, 1,230 கூடியிருக்கிறது. ஆயிரம் ரூபாய் மட்டும் குறைத்துக் கட்டினாலும் சலுகை நாட்கள் போய்விடும். நிலுவை முழுதும் தீரும்வரை புதுச் செலவுகளுக்கும் சலுகை கிடையாது. அந்த நாட்களில் கார்டில் ஸ்கேன் செய்து குடிக்கும் ஜிகர்தண்டாவுக்கும் அன்றைக்கே வட்டி தொடங்கும்.

ஊர் வழக்கில் சொன்னால் இது மூன்றரை வட்டி, ஜிஎஸ்டியோடு நாலு வட்டிக்கு மேல். அரசு வங்கியில் நகைக்கடன் ஒரு வட்டிக்கும் கீழே கிடைக்கிறது. கெடு தேதிக்குள் முழுப் பணம் புரளாது என்று தெரிந்தால், ஒரு வளையலை வங்கியில் வைத்துக் கார்டை அடைப்பதே கணக்குக்குச் சரி.

ஆட்டோபே வைக்கும்போது மொத்தத் தொகையா, மினிமம் ட்யூவா என்று தேர்வு வரும். கவனிக்காமல் இரண்டாவதைத் தொட்டுவிட்டு, மாதாமாதம் பணம் எடுக்கிறார்களே என்று நிம்மதியாக இருப்பவர்கள் நிறையப் பேர். அந்த ஒரு திரையை நிறுத்திப் படியுங்கள். பில் தேதி உங்கள் சம்பள நாளுக்கு ஒத்துவராவிட்டால் மாற்றிக் கேட்கலாம், ஒருமுறையாவது மாற்றித்தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. கெடு தாண்டி மூன்று நாளுக்கு மேல் ஆனால்தான் தாமதக் கட்டணம் போடலாம் என்பதும் விதி. ஆனால் முழுத் தொகை கெடு தேதிக்குள் போகாவிட்டால் வட்டி தனி.

டவுன்ஹால் ரோட்டில் 'நோ காஸ்ட் இஎம்ஐ' பலகை இல்லாத கடை அரிது. 30,000 ரூபாய் போனுக்கு ஆறு மாதம், மாதம் 5,000. வங்கி ஆண்டுக்கு 16 சதவீத வட்டி வைத்தால் அந்த 30,000க்குள் வட்டி சுமார் 1,352. அதைக் கடை தள்ளுபடியாகக் கழிக்கிறது, ஆனால் அந்த வட்டிக்கான ஜிஎஸ்டி 243 உங்கள் தலையில்தான். செயலாக்கக் கட்டணம் 199 என்றால் வரியோடு 235. மொத்தம் ஏறக்குறைய 480 ரூபாய் கூடுதல். மோசமில்லை, ஆனால் "ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள்?" என்று கேட்காமல் ஒத்துக்கொள்ளாதீர்கள். தெற்கு ஆவணி மூல வீதியில் நகை வாங்கிவிட்டுப் பிறகு இஎம்ஐ ஆக்கிக்கொள்ளலாம் என்ற நினைப்பு வேண்டாம். தங்க நகைத் தொகையை வங்கிகள் மாற்றித் தருவதில்லை.

ஏடிஎம்மில் இந்தக் கார்டை நுழைக்கவே கூடாது. பொதுவாக 2.5 சதவீதம், குறைந்தது 500 ரூபாய் கட்டணம், எடுத்த நொடியிலிருந்து வட்டி. கார்டைத் தேய்த்துக் கமிஷன் கழித்துக் காசு தரும் கடைகளும் வேண்டாம். பொருள் இல்லாமல் போடும் அந்த பில்லை வங்கி கண்டுபிடித்தால் கார்டு முடங்கும்.

இந்தக் கார்டில் உண்மையான குறை சில்லறைச் செலவு. டீ 15, பூ 30, புரோட்டா 120 என்று எல்லாவற்றையும் இதில் போட்டால் பில் நூறு வரி நீளும், நடுவே தவறாகப் பிடித்த 499 ரூபாய் கண்ணில் படாது. 500 ரூபாய்க்கு மேல் மட்டும் கார்டு, கீழே சேமிப்புக் கணக்கு என்று பிரித்துக்கொண்டால் பில்லைச் சரிபார்க்க முடியும். கார்டின் கடன் வரம்பு ஒரு லட்சம் என்றால் செலவை 30,000 தாண்டாமல் வைப்பது, கடன் நம்பகத்தைக் காட்டும் சிபில் மதிப்பெண்ணுக்கு நல்லது.

சம்பளச் சீட்டு இல்லாத தையல்காரர், காய்கறி வியாபாரிக்கு வைப்புத்தொகையின் மேல் தரும் கார்டு பொருந்தும். வைப்பில் பெரும்பாலும் 75 முதல் 90 சதவீதம் வரை வரம்பு, வைப்புக்கு வட்டியும் வரும். கட்டாவிட்டால் வைப்பிலிருந்து எடுத்துக்கொள்வார்கள்.

"வரம்பு கூட்டித் தருகிறோம்" என்று அழைத்து ஓடிபி கேட்டாலோ, வாட்ஸ்அப்பில் செயலிக் கோப்பு அனுப்பினாலோ, அது வங்கி இல்லை. பணம் போய்விட்டால் முதலில் கார்டை முடக்கி, உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அழையுங்கள். வங்கியிடம் கொடுத்த புகாருக்கு 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், விவரம் கேட்க 14448.

கார்டு வேண்டாம் என்று முடிவெடுத்தால், சேர்ந்த புள்ளிகளை முதலில் பயன்படுத்திவிட்டு, நிலுவையைச் சுழியமாக்கி, செயலியிலோ மின்னஞ்சலிலோ மூடச் சொல்லிக் கோரிக்கை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நிலுவை இல்லாத கார்டை ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்கு வர வேண்டும், கேட்டு வாங்குங்கள்.