ஆளைச் சேர்த்துவிட்ட கன்சல்டன்சியே ஆளைக் கிளப்பிக்கொண்டும் போனது: ஆள் எடுப்பவர்கள் கவனத்திற்கு

கன்சல்டன்சி மூலம் ஆள் எடுக்கப் போகிறவர்கள், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள். எங்களுக்கு ஆள் தந்த ஒரு கன்சல்டன்சி, உத்தரவாதக் காலம் முடிந்த கையோடு அதே ஆட்களை வேறு நிறுவனத்துக்கு அனுப்பி, அங்கேயும் கமிஷன் பார்த்திருக்கிறது. தகராறு இன்னும் முடியாததால் பெயர் போடவில்லை. எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்தால் போதும், யார் செய்தாலும் பிடித்துவிடலாம்.

ஏற்பாடு வழக்கமானதுதான். ஆள் சேர்ந்தால் மட்டும் கட்டணம், அதுவும் அவருடைய முதல் வருடச் சம்பளத்தில் இத்தனை சதவீதம் என்ற கணக்கில். 15 முதல் 25 சதவீதம் வரை கேட்பது பல இடங்களில் சகஜம். சேர்ந்தவர் உத்தரவாதக் காலமான 90 நாளுக்குள் போய்விட்டால் இன்னொருவரை இலவசமாகத் தருவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் 91-வது நாளிலிருந்து அந்த ஆள் நிலைத்தாலும் போனாலும் அவர்களுக்கு ஒன்றுதான். போனால் இன்னொரு கட்டணத்துக்கு வழி பிறக்கிறது. நீண்ட நாள் தொழில் செய்ய நினைக்கும் நேர்மையான கன்சல்டன்சிக்காரர்கள் அந்தப் பக்கம் போவதில்லை. எங்களுக்கு வாய்த்தவர்கள் போனார்கள்.

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்குத்தான் எடுத்தோம். சேர்ந்த வாரமே ஷிப்ட் அட்டவணையைக் கையில் வாங்கிய ஒரு பெண், அதிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்: "சார், நைட் ஷிப்ட் கிடையாதுன்னுதானே சொன்னாங்க?" நாங்கள் அனுப்பிய வேலை விவரத்தில் மாதம் ஒரு வாரம் இரவுப்பணி என்று முதல் வரியிலேயே இருந்தது. அந்த வரியை எடுத்துவிட்டு அனுப்பியிருக்கிறார்கள். இன்டர்வியூவில் "வேலை விவரத்தைப் படித்தீர்களா, சம்மதமா?" என்று கேட்டதற்கு எல்லோரும் சம்மதம் என்றுதான் சொன்னார்கள். அவர்கள் படித்தது வேறு தாள். இன்னொருவருக்கு ஆறு மாதத்தில் டீம் லீடர் பதவி என்று எங்களைக் கேட்காமலே வாக்குக் கொடுத்திருந்தார்கள். வேலையின் கஷ்டத்தையும் முன்கூட்டியே சொல்லிச் சேர்த்தால் ஆட்கள் தங்குவது ஓரளவாவது கூடும் என்று ஜான் வானஸ் போன்ற ஆய்வாளர்கள் 1970-களிலேயே எழுதியிருக்கிறார்கள். இங்கே நடந்தது அதற்கு நேர் எதிர்.

90 நாள் தாண்டியதும் ராஜினாமா கடிதங்கள் வரத் தொடங்கின. ஏன் போகிறீர்கள் என்று உட்கார்த்திப் பேசியபோது ஒரு தம்பி தயங்கித் தயங்கி போனைக் காட்டினார். "90 டேஸ் முடிஞ்சிருச்சுல்ல? இதைவிட நல்ல ஆஃபர் இருக்கு. ரெஸ்யூமே நானே மாத்தி அனுப்பிடறேன், நீங்க பேப்பர் மட்டும் போடுங்க." அனுப்பியவர், அவரை எங்களிடம் அழைத்துவந்த அதே கன்சல்டன்சி ஆள். வேலியே பயிரை மேய்ந்த கதை.

அதோடு நிற்கவில்லை. வேலையில் சேர்வதற்கு முன் "ரெஜிஸ்ட்ரேஷன், டிரெய்னிங்" என்று அந்தத் தம்பியிடமும் பணம் வாங்கியிருக்கிறார்கள். வேலை தேடுபவரிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கக் கூடாது என்பதுதான் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1997-ஆம் ஆண்டு 181-வது உடன்படிக்கை சொல்லும் பொது விதி. அந்தப் பணத்தில் எங்களுக்கும் பங்கு உண்டு என்று இத்தனை மாதமும் அவர் நினைத்துக்கொண்டிருந்தார் என்பதுதான் என்னை உலுக்கியது. நம்மைக் கொள்ளைக்காரன் என்று நினைக்கிற ஒருவர் நம்மிடம் எப்படி மனம் ஒன்றி வேலை செய்வார்?

90 நாளுக்குள்ளேயே போன ஒருவருக்குப் பதிலாக வேறு ஆள் கேட்டோம். இரண்டு ரெஸ்யூமே வந்தன. பெயர் வேறு, முன்பு வேலை செய்த இடம் வேறு. ஆனால் இரண்டிலும் ஒரே வாக்கியம், அதில் ஒரே எழுத்துப்பிழை. ஒன்றில் விசாரிக்கக் கொடுத்திருந்த எண்ணுக்குப் பேசினால் புகழ்ந்து தள்ளினார்கள். அந்த நிறுவனத்தின் பொது எண்ணைத் தேடி எடுத்துப் பேசினோம். அப்படி யாரும் அங்கே வேலை பார்த்ததே இல்லை என்றார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு "ஒப்பந்தப்படி ரீப்ளேஸ்மென்ட் மட்டும்தான்" என்ற ஒரே பதில். எனவே புது ஒப்பந்தம் போடுகிறவர்கள், தாங்கள் சேர்த்துவிட்டவர்களைக் குறைந்தது ஒரு வருடத்துக்கு வேறு வேலைக்காக அணுக மாட்டோம் என்று எழுதி வாங்குங்கள். கட்டணத்தைப் பிரியுங்கள்: பாதி சேரும்போது, மீதி உத்தரவாதக் காலம் முடிந்த பிறகு. இடையில் ஆள் போனால் நாள் கணக்குப்படி பணம் திரும்ப வேண்டும், மாற்று ஆள் என்பது உங்கள் விருப்பமாக இருக்கட்டும். வேலை விவரத்தை உங்கள் மெயிலிலிருந்தே விண்ணப்பதாரருக்கு நேரடியாக அனுப்பிப் பதில் வாங்கிய பிறகு இன்டர்வியூ வையுங்கள். சேர்ந்த முதல் நாளே, யாருக்காவது பணம் கொடுத்தீர்களா என்று தனியாகக் கேளுங்கள். உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம் அவர்களுக்கு இருக்கும். போகாது என்று முதலில் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

மீதமிருந்த இன்வாய்ஸை நிறுத்திவைத்து, எழுத்துமூலம் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம். அந்தத் தம்பியின் சம்மதத்தோடு ஸ்கிரீன்ஷாட்டையும் இணைத்திருக்கிறோம். உங்கள் ஊழியர்களுக்கும் இப்படிச் செய்தி வந்தது தெரிந்தால் அவர்கள் மேல் பாயாதீர்கள். தேதியும் அனுப்பியவர் எண்ணும் தெரியும்படி அதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒப்பந்தத்தை எடுத்து வக்கீலிடம் காட்டுங்கள்.