பேசும் காகங்கள் கொண்டுவரும் கட்டளை: ‘டீமன் ஸ்லேயர்’ மங்காப் பெட்டி

கிளிநொச்சியில் நாங்கள் நடத்தும் வாசிகசாலைக்கு, வெளிநாட்டில் வாழும் பழைய மாணவர் ஒருவர் ‘டீமன் ஸ்லேயர்’ என்ற மங்காவின், அதாவது ஜப்பானியச் சித்திரக்கதையின், ஆங்கிலப் பதிப்பை, 23 தொகுதிகளும் அடங்கிய ஒரே பெட்டியாக அனுப்பிவைத்தார். கொயோஹாரு கொட்டோகே எழுதி வரைந்து, 2016 முதல் 2020 வரை ஜப்பானிய வார இதழொன்றில் தொடராக வந்த கதை இது. பிள்ளைகள் அரக்கர்களுக்காகவும் வாள்வீச்சுக்காகவும் இதை எடுத்துச் செல்கிறார்கள். என்னை நிறுத்தி வாசிக்க வைத்தவை, வீரர்களுக்குச் செய்தி கொண்டுவரும் பேசும் காகங்கள்.

கதை நிகழ்வது ஜப்பானின் தைஷோ காலத்தில், அதாவது 1912க்கும் 1926க்கும் இடையில். புகைவண்டி ஓடுகிறது, நகரத்தில் மின்விளக்கு எரிகிறது. அப்படியிருக்கத் தந்தியை விட்டுவிட்டுக் காகத்தை ஏன் நம்ப வேண்டும் என்ற கேள்வி எழுவது இயல்பே. அரக்கரை வேட்டையாடும் படை அரசின் அங்கீகாரம் இல்லாதது, வாளை மறைத்துக்கொண்டு திரிய வேண்டியது என்பதைக் கதை சொல்லும்போது அதற்கு விடை கிடைத்துவிடுகிறது. உண்மையான தூதுப் புறா தன் கூட்டுக்குத் திரும்ப மட்டுமே அறிந்தது. அதனிடம் ஓர் ஓலையைக் கட்டி, நடமாடிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் அனுப்ப முடியாது. இந்தக் காகங்களோ இரு திசையிலும் பறக்கின்றன, அலைந்து திரியும் ஆளைத் தேடிப் பிடிக்கின்றன, வாய்திறந்து பேசவும் செய்கின்றன. கற்பனை இவ்வளவுதான் என்றாலும் அதன் விதிகளை ஆசிரியர் குழப்பவில்லை.

நம்முடைய தூது இலக்கியத்தில் கிளியும் அன்னமும் நாரையும் போகின்றன. ஆனால் அங்கே பேச்செல்லாம் அனுப்புகிறவருடையது. பறவை கேட்டுக்கொண்டிருக்கும். அது போய்ச் சேர்ந்ததா, சொன்னதைச் சொன்னபடி சொன்னதா என்பதைப் பெரும்பாலும் நாம் அறிவதில்லை. இந்த மங்காவில் அனுப்புகிறவர் எங்கோ மறைந்திருக்கிறார், பேசுவது பறவை. அதிலும் ஒவ்வொன்றுக்கும் தனித்த குணம் இருக்கிறது. கதைநாயகன் தஞ்சிரோவின் காகம் அவன் ஆறி உட்காரவே விடாமல் திசையைச் சொல்லிக் கத்தி விரட்டுகிறது. மூத்த வீரன் கியூவின் காகமான கன்சாபுரோவுக்கு வயதாகித் தடுமாற்றம் வந்துவிட்டது. தொகிதோவின் காகமான கின்கோ நீண்ட இமைமயிருடன் வந்து தன் வீரனின் பெருமையை மற்றக் காகத்திடம் அளந்துவிடுகிறது. இந்த வீண்பெருமையை நம் ஊர்க் கலியாண வீடுகளில் நாம் கேட்காததல்ல. எல்லாருக்கும் காகம் கிடைக்க, தஞ்சிரோவின் தோழன் செனிட்சுவுக்கு மட்டும் ஒரு சிட்டுக்குருவி. அதற்கு மனிதப் பேச்சு வராது. அதன் கீச்சொலியைத் தஞ்சிரோ விளங்கிக்கொண்டு, செனிட்சு வேலைக்குப் போகாமல் அழுது அடம்பிடிப்பதாகவும் குறட்டை விடுவதாகவும் குருவி முறையிடுகிறது என்று அவனுக்கே எடுத்துச் சொல்லும் இடத்தில் வாசிகசாலையே சிரித்தது.

இதே பறவைதான் சாவையும் அறிவிக்கிறது என்பதே இந்தப் படைப்பின் பலம். எட்டாம் தொகுதியில் ஒரு மூத்த வீரர் இறந்தபின், காகம் பறந்து சென்று ஒவ்வொருவருக்கும் அதைச் சொல்கிறது. அங்கே ஆசிரியர் வசனத்தைக் குறைத்து, கேட்பவர்களின் முகங்களை மட்டும் அடுத்தடுத்து வரைந்திருக்கிறார். காகம் கரைந்தால் விருந்து வரும் என்று முற்றத்தைப் பார்க்கும் வழக்கமும், சனிக்கிழமை விரதத்தில் முதற்சோற்றை அதற்கு வைக்கும் வழக்கமும் உள்ள வன்னியில், காகம் வாய்திறந்து துக்கம் சொல்லும் பக்கம் ஜப்பானிய வாசகருக்குத் தைப்பதைவிட வேறுவிதமாகத் தைக்கும் என்றே நினைக்கிறேன்.

ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். படையில் சேரும்போது தஞ்சிரோவுக்கு வயது 15; கதையில் நாம் காணும் தொகிதோவுக்கு 14 தான். காகம் வந்தால் அவர்கள் எழுந்து போக வேண்டும், அந்தக் கட்டளையை யாரும் எதிர்த்து நின்று கேட்பதில்லை. அனுப்புகிற தலைவர் அன்பானவர், இறந்தவர்களின் பெயர்களையெல்லாம் நினைவில் வைத்திருப்பவர் என்று கதை சொல்கிறது; அதனால் அந்தக் கேள்வி தீர்ந்துவிடவில்லை. இங்குள்ள பெற்றோர் அந்தப் பக்கங்களை எளிதாகப் புரட்டிப் போக மாட்டார்கள்.

நடுப்பகுதித் தொகுதிகளில் சண்டைகள் நீண்டு, காகங்கள் பின்னுக்குப் போய்விடுவது எனக்குக் குறையாகவே பட்டது. இறுதிப் போரில் அவை மீண்டும் தேவைப்படுகின்றன: முகத்தில் மந்திரத் தாள் கட்டிய காகங்கள் அரக்கனின் முடிவற்ற கோட்டைக்குள் பறந்து காண்பதை வைத்து, வெளியே தலைவரின் பிள்ளைகள் அக்கோட்டையின் வரைபடத்தைத் தாளில் வரைந்துகொண்டே போகிறார்கள். வாயாக இருந்த பறவை கண்ணாக மாறும் இந்தத் திருப்பம் மிகவும் நன்றாக யோசிக்கப்பட்டது.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில விடயங்கள். பக்கங்களை ஜப்பானிய முறைப்படி வலமிருந்து இடமாக வாசிக்க வேண்டும். பிள்ளைகள் இதற்கு விரைவில் பழகினார்கள், பெரியவர்களுக்குத்தான் சிரமமாக இருந்தது. ஆங்கிலம் கடினமானதல்ல, தரம் 9 மாணவர் அகராதி இன்றியே பெரும்பகுதியைப் பின்தொடரலாம். ஆனால் தலை துண்டாவதும் இரத்தமும் தொகுதிக்குத் தொகுதி வருவதால், அதற்குக் கீழ்ப்பட்ட வகுப்பினருக்கு நாங்கள் இரவல் கொடுப்பதில்லை. முழுப் பெட்டியின் விலை ஒரு வீட்டுக்குப் பாரம். தொகுதிகள் தனித்தனியாகவும் கிடைப்பதால், முதல் மூன்றை வாங்கிப் பார்க்கலாம். குருவி முறையிடும் இடம் மூன்றாவதில் வருகிறது.